வேலைபார்க்கும் பெற்றோரின் குழந்தைகளுக்கு அரசின் காப்பீடு

1980களில் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் வட்டாரத்து எஃகு ஆலைகள் வரிசையாக மூடப்பட்டபோது, தொழிலாளர் குடும்பங்களுக்கு வருமானத்தோடு மருத்துவக் காப்பீடும் போயிற்று. அந்த நாட்டில் பெரும்பாலோருக்குக் காப்பீடு வேலை தரும் நிறுவனத்தின் வழியாகவே கிடைக்கிறது. உள்ளூர்ப் பாதிரியார்களும் புளூ கிராஸ் காப்பீட்டு நிறுவனமும் சேர்ந்து, 1985இல் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளுக்காக நன்கொடையில் ஒரு காப்பீட்டைத் தொடங்கினார்கள். 1992இல் பென்சில்வேனியா மாநில அரசு அதே வழியில் சட்டம் போட்டு, சிகரெட் வரியிலிருந்து பணம் ஒதுக்கியது.

பரம ஏழைகளுக்கு 1965 முதலே மெடிகெய்ட் என்ற அரசு மருத்துவக் காப்பீடு இருந்தது. சிக்கல் அதற்கு ஒரு படி மேலே. அப்பாவோ அம்மாவோ கடையில், உணவகத்தில், கட்டட வேலையில் உழைக்கிறார்கள்; மெடிகெய்ட் வரம்பைவிடச் சற்றுக் கூடுதலாகச் சம்பளம் வருகிறது; தனியாரிடம் காப்பீடு வாங்க அந்தச் சம்பளம் போதாது. 1997 வாக்கில் காப்பீடில்லாத குழந்தைகள் ஏறத்தாழ ஒரு கோடி.

அவர்களுக்காக ஜனநாயகக் கட்சியின் டெட் கென்னடியும் குடியரசுக் கட்சியின் ஆரின் ஹாட்சும் செனட்டில் கைகோத்தார்கள். அரசியலில் எதிரெதிர் முனையில் நின்ற இருவர். பணத்துக்கு அவர்கள் கைவைத்ததும் சிகரெட் வரியில்தான். 1997 ஆகஸ்ட் 5 அன்று அதிபர் கிளின்டன் கையெழுத்திட, பத்தாண்டுகளுக்கு ஏறத்தாழ 4,000 கோடி டாலர் ஒதுக்கீட்டோடு குழந்தைகள் நலக் காப்பீட்டுத் திட்டம் பிறந்தது. சுருக்கமாக, ‘சிப்’.

செலவில் பெரும்பங்கு மத்திய அரசுடையது, நடத்துவது மாநிலம். மெடிகெய்ட்டை விரிவாக்கலாம், தனித் திட்டம் தொடங்கலாம், இரண்டையும் கலக்கலாம். ஜார்ஜியாவில் இதன் பெயர் ‘பீச்கேர்’. அலபாமாவில் ‘ஆல் கிட்ஸ்’. நியூயார்க்கில் வறுமைக்கோட்டைப்போல் நான்கு மடங்கு சம்பாதிக்கும் குடும்பமும் சேரலாம். பல மாநிலங்களில் வரம்பு அதில் பாதிதான். பிரீமியம் வசூலிக்கலாம், ஆனால் குடும்பம் கட்டும் மொத்தத் தொகை ஆண்டு வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது.

பலன் கண்கூடு. 1997இல் ஏழு குழந்தைகளில் ஒன்றுக்குக் காப்பீடு இல்லை. 2016இல் இருபதில் ஒன்றுக்கும் குறைவு.

அப்படியானால் எஞ்சிய குழந்தைகள் யார்? அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் மெடிகெய்ட்டுக்கோ சிப்புக்கோ ஏற்கெனவே தகுதியுள்ளவர்கள். அதுதான் மனத்தை வதைக்கிறது. வீடு மாறியதால் புதுப்பிப்புக் கடிதம் போய்ச் சேராது. சம்பளச் சான்று ஒரு வாரம் தாமதமாகும். பெயர் நீங்கிவிடும்.

2007 பிப்ரவரியில் மேரிலாந்தில் 12 வயதுச் சிறுவன் ஒருவன், சொத்தைப் பல்லின் சீழ் மூளைக்குப் பரவி இறந்தான். பல்லைப் பிடுங்க 80 டாலர் ஆகியிருக்கும். அந்த வீட்டின் மெடிகெய்ட் இடையில் காலாவதியாகியிருந்தது. அது இருந்த காலத்திலும் அந்த அட்டையை ஏற்கும் பல் மருத்துவர் கிடைப்பது அரிதாக இருந்தது. மூளையில் இரண்டு அறுவைச் சிகிச்சைகள், வாரக்கணக்கில் மருத்துவமனை. செலவு இரண்டரை லட்சம் டாலரை எட்டியது. அதே ஆண்டில்தான் சிப்பை விரிவாக்கும் மசோதாவை அதிபர் புஷ் இருமுறை தடுத்து நிறுத்தினார். 2009 பிப்ரவரியில் ஒபாமா கையெழுத்திட்ட சட்டத்தில் பல் சிகிச்சை கட்டாயமாயிற்று. சிகரெட் வரியும் பாக்கெட்டுக்கு 62 சென்ட் கூடியது.

இன்னொரு பலவீனம் திட்டத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. மெடிகெய்ட்டுக்கு உள்ளதுபோல் இதற்கு நிரந்தர நிதி கிடையாது. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை நாடாளுமன்றம் பணம் ஒதுக்கியாக வேண்டும். 2017 செப்டம்பர் 30 அன்று நிதி காலாவதியானது. அலபாமா புதிய சேர்க்கையை நிறுத்தப்போவதாக அறிவித்தது. கொலராடோவும் வர்ஜீனியாவும் காப்பீடு நின்றுபோகலாம் என்று பெற்றோருக்குக் கடிதம் அனுப்பின. இன்சுலின் ஊசியை நம்பியிருக்கும் பிள்ளையின் வீட்டுக்கு அப்படியொரு கடிதம் வந்தால் என்ன ஆகும்? மீண்டும் நிதி ஒதுக்கப்பட்ட 2018 ஜனவரி 22 வரை அந்தக் குடும்பங்களைக் காத்திருக்க வைத்தது மன்னிக்க முடியாத அலட்சியம்.

கொரோனா காலத்தில் மெடிகெய்ட்டிலிருந்து யாரையும் நீக்கக் கூடாது என்ற விதி இருந்தது. 2023 ஏப்ரலில் அது விலகியதும் பெரியவர்களும் குழந்தைகளுமாக 2.5 கோடிக்கு மேற்பட்டோர் நீக்கப்பட்டார்கள். பத்தில் ஏழு பேர் நீங்கியது நடைமுறைக் காரணங்களால்: படிவம் திரும்பவில்லை, முகவரி தவறு.

மருந்து தெரியாத நோயல்ல இது. 2024 ஜனவரி முதல், ஒருமுறை சேர்ந்த குழந்தைக்கு வருமானம் ஏறி இறங்கினாலும் 12 மாதம் காப்பீடு தொடர வேண்டும் என்பது நாடு முழுவதற்கும் விதி. ஒரெகன் மாநிலம் அதற்கு முன்பே, 2023இல், மத்திய அரசின் அனுமதியோடு, பிறந்த குழந்தை மெடிகெய்ட்டில் சேர்ந்தால் ஆறு வயதுவரை நீக்குவதில்லை என்று தொடங்கிவிட்டது. வாஷிங்டனும் நியூ மெக்சிகோவும் பின்தொடர்ந்தன. தடுப்பூசியும் வளர்ச்சிப் பரிசோதனையும் அடுத்தடுத்து வரும் வயது அது. இடையில் விட்டுப்போனால் ஈடுசெய்வது கடினம். ஆனால் 2025 ஜூலையில், இத்தகைய பல்லாண்டு அனுமதிகளை இனிப் புதிதாகத் தரவோ நீட்டிக்கவோ எண்ணமில்லை என்று மத்திய அரசு மாநிலங்களுக்குத் தெரிவித்துவிட்டது. சிப்புக்கான நிதி ஒதுக்கீடு 2029 செப்டம்பர் வரை இருக்கிறது.