திட்டிவாயிலும் கோப்பறையும்

புனே நகரில் வாழும் தமிழ் நேயர்களில் சனிவார் வாடாவைக் காணாதார் அரியர். முதலாம் பாஜிராவ் 1730-இல் தொடங்கி 1732-இல் குடிபுகுந்த அம்மாளிகைக்கு வாயில்கள் ஐந்து. தில்லி வாயிலின் பெருங்கதவிலே யானை முட்டாதிருக்க இரும்பு முட்கள் பதித்துள்ளனர். ஓர் ஆள் மட்டும் நுழையத்தக்க திட்டிவாயிலும் அக்கதவிலேயே உண்டு.

காரியாலயக் கணினிகளைக் காக்கும் ‘ஃபயர்வால்’ என்னும் அரணும் ஏறக்குறைய இவ்வகையினதே. உள்ளிருந்து செல்லும் வேண்டுகோளை அது பெரும்பாலும் அனுமதிக்கும்; அதற்குரிய மறுமொழியையும் உள்ளே விடும். வெளியிலிருந்து தானாக வந்து தட்டுவோரையோ திருப்பிவிடும். ஆகவே, அலுவலகத்தில் நொடியில் திறக்கும் கோப்பு வீட்டிலிருந்து அழைத்தால் வருவதில்லை.

2020 மார்ச் 25 அன்று நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியபோது இதனை நாம் அனுபவத்தில் உணர்ந்தோம். தமிழ்த் தொழிலாளருக்கான சுகாதார அறிவிப்பு ஒன்றின் மொழிபெயர்ப்பு பாதியில் நின்றது. அதுவும், ஆண்டுக்கணக்கில் தொகுத்த கலைச்சொற் பட்டியலும் அலுவலகச் சர்வரிலே. நாமோ சில மைல் தொலைவில், சமையலறை மேசையருகே. “அரணில் ஒரு துளை போட்டுவிடுங்கள், நாலு நாள் காரியந்தானே” என்றார் நண்பர் ஒருவர். ஆசை காட்டும் யோசனைதான்!

விண்டோஸ் கோப்புச் சர்வர்கள் உரையாடுவது 445 என்னும் எண்ணுடைய வாயில் வழியே. 2017 மே மாதத்தில், கோப்புகளைப் பூட்டிவைத்துப் பணம் கேட்ட ‘வான்னாக்ரை’ என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியதும் அவ்வாயில் வழியேதான். குறையை நீக்கும் திருத்தத்தை மைக்ரோசாஃப்ட் அவ்வாண்டு மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. அதை இட்டுக்கொள்ளாதார் பலர். நமக்கென இடும் துளை அயலாருக்கும் துளையே அன்றோ?

முறையான உபாயம் வி.பி.என். எனப்படுவது. வீட்டுக் கணினிக்கும் அலுவலக வாயிலுக்கும் இடையே, பிறர் படிக்கவியலாதபடி மறைகுறியிட்ட சுரங்கப்பாதை ஒன்றை அது அமைக்கிறது. கடவுச்சொல்லோடு, கைபேசியில் தோன்றும் ஒருமுறைக் குறியெண்ணையும் கேட்பது நன்று. சொல்லைத் திருடியவனிடம் கைபேசி இராது. நுழைந்தபின் நம் கணினி அலுவலகத்தினுள் இருப்பதாகவே கருதப்படும். ஆதலால் வீட்டுக் கணினியில் நோயிருப்பின் அதுவும் உடன் நுழையும். பிள்ளைகள் விளையாடும் கணினியை இதற்குப் பயன்படுத்தலாகாது. மத்திய அரசு அலுவலகங்களுக்கு இவ்வசதியைத் தேசியத் தகவலியல் மையம் வழங்குகிறது.

எமது விண்ணப்பத்தில் மேலொப்பம் விழ ஒன்பது நாள் சென்றது. அந்நாள்களில் நினைவிலிருந்த சொற்களைக் கொண்டே அறிவிப்பைப் புதிதாக எழுதி அனுப்பிவிட்டோம். பின்னர்ப் பட்டியல் திறந்தபோது ஒப்பிட்டுப் பார்த்தோம். மூன்று சொற்களை மாற்றித் திருத்தப்படி அனுப்ப நேர்ந்தது.