சில்லறைக் காசை எங்கே வைப்பது, எப்படிக் கொண்டு திரிவது

எங்கள் ஊரில் பால் விற்றுச் சீவித்த மாமி ஒருவர் இருந்தார். நாளாந்தம் கையில் மிஞ்சும் குற்றிக் காசைப் பெரிய பால்மா ரின் ஒன்றில் போட்டு அடுப்படி மூலையில் வைத்திருப்பார். இடையிடையே இருபது, ஐம்பது ரூபாத் தாள்களும் அதற்குள் போகும். 1995 ஒக்ரோபர் 30ஆந் திகதி வலிகாமத்துச் சனம் முழுவதும் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டபோது அந்த ரின் ஏறக்குறைய நிரம்பியிருந்தது. சைக்கிள் ஒன்று, பிள்ளைகள் மூன்று, அரிசி, இரண்டு பானை, பாய். மூத்த மகன் ரின்னைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "இதையுமோ அம்மா காவப் போறியள்? அரிசியைத் தூக்குங்கோ" என்றான். மாமி ரின்னை ஒரு பையில் கட்டிக் கிணற்றுக்குள் இறக்கிவிட்டுப் போனார்.

1996 இல் திரும்பி வந்து கிணற்றை இறைத்தபோது ரின் கரைந்துபோய்ச் சேற்றோடு சேறாகக் கிடந்தது. தாள்கள் கூழாகிவிட்டன. ஆனால் குற்றிகளில் பெரும்பகுதி கிடைத்தது. கறுத்திருந்தன, அவ்வளவுதான். தேங்காய்த் தும்பால் தேய்த்துக் கழுவிச் சங்கக்கடையில் கொடுத்து உப்பும் பருப்பும் வாங்கினார். ஆனாலும் மாமிக்கு மனம் ஆறவில்லை. வழியில், கைதடியில் ஒரு போத்தல் பாலுக்குக் கையில் காசில்லாமல் நின்றதைத்தான் அவர் திரும்பத் திரும்பச் சொல்லுவார். காசு இருந்தது; ஆனால் கொண்டுவரக்கூடிய வடிவத்தில் இருக்கவில்லை.

குற்றிக் காசின் குணமே இதுதான். சேர்க்கும்போது பாரம் தெரியாது. 1984 இல் வெளிவந்த தடித்த ஐந்து ரூபாக் குற்றி ஒன்றின் நிறை ஏறக்குறைய 9.5 கிராம். அதில் 500 குற்றி சேர்த்தால் 2500 ரூபா. நிறையோ நாலே முக்கால் கிலோ. 2005 இற்குப் பின் வந்த ஐந்து ரூபா சற்று இலேசானது. அதிலும் 500 குற்றி நாலு கிலோவுக்குக் கிட்டத்தான் வரும். அதே 2500 ரூபாவைத் தாளாக மாற்றினால் ஒரு பிள்ளையின் கொப்பிக்குள் அடங்கிவிடும். ஒருமுறை இடம்பெயர்ந்தவர்களுக்கு, மறுமுறையும் வெளிக்கிட நேரலாம் என்று எண்ணி வாழ்பவர்களுக்கு, வெள்ளக் காலத்தில் பாடசாலைக் கட்டடத்துக்கு ஓடவேண்டிய தாழ்நிலத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியமானது. சில்லறையைச் சில்லறையாகவே கிடக்கவிடக் கூடாது. அன்றாடத் தேவைக்கு வேண்டியதை மட்டும் குற்றியாக வைத்துக்கொண்டு மற்றதை அடிக்கடி தாளாக மாற்ற வேண்டும். வெளிக்கிடும் நாளன்று கடையில் போய் மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். அன்றைக்குக் கடையும் பூட்டியிருக்கும். திறந்திருந்தாலும் தாளை விடக் கடைக்காரர் விரும்பமாட்டார். மாற்றுவது அமைதியான நாளில் செய்யும் வேலை.

சாதாரண நாட்களில் உண்மையில் சந்தையில் சில்லறைக்குத்தான் தட்டுப்பாடு. "சில்லறை இல்லை, ரொபி தரட்டோ?" என்று கேட்கும் கடைகளை நாம் எல்லோரும் அறிவோம். அப்படிப்பட்ட கடைக்காரரிடம் பத்து ஐந்து ரூபாக் குற்றிகளை ஐம்பது ரூபாவாகச் சுற்றிக் கொண்டுபோனால் சந்தோசமாக மாற்றித் தருவார். பத்திரிகைத் தாளை நாலு விரல் அகலத்தில் வெட்டி, குற்றிகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி உருட்டிச் சுற்றி, இரு முனையையும் உள்ளே மடித்துவிட்டால் போதும். மேலே எத்தனை என்று எழுதிவிடுங்கள். எண்ணுவதற்கு ஒரு சாண் நீளமான நீர்க்குழாய்த் துண்டை நெடுக்காகப் பிளந்து தொட்டிபோல வைத்தால் குற்றிகள் வரிசையாக நிற்கும்; பத்துக்கு ஒரு கோடு கீறிவிட்டால் பிள்ளைகளே எண்ணிவிடுவார்கள். ஒவ்வொரு வகைக் குற்றிக்கும் தடிப்பு வேறு என்பதால் கோடும் வேறாக வரவேண்டும். வங்கிக்குக் கொண்டுபோவதானாலும் இப்படி வகை பிரித்துக் கொண்டுபோவது நல்லது. கலந்து கொட்டினால் காசாளர் முகம் சுழிப்பதில் நியாயம் உண்டு. வங்கி தூரமென்றால் தேசிய சேமிப்பு வங்கிக் கணக்கில் தபாற்கந்தோரிலும் பணம் போடலாம் என்பதை மறக்க வேண்டாம்.

சரி, கையோடு கொண்டு திரிவது எப்படி? சேலைத் தலைப்பில் முடிந்து இடுப்பில் செருகுவது எங்கள் ஆச்சிமார் காட்டிய வழி. ஓரிரு குற்றிக்கு அதைவிட வசதி வேறில்லை. பத்துக் குற்றிக்கு மேல் போனால் முடிச்சு தானாகவே இளகும், துணியும் கிழியும். பஸ்ஸில் நெரிபடும்போது அவிழ்ந்தால் தெரியவும் வராது. பெண்களுக்கு நல்லது உள்ளங்கையளவான ஒரு சுருக்குப்பை. பழைய சீத்தைத் துணியை இரட்டை மடிப்பாக மடித்துத் தைத்து, கழுத்தில் மாட்டக்கூடிய நீளத்துக்கு நாடா கோத்து, சட்டைக்குள் விட்டுக்கொள்ளலாம். நாடாவை இரண்டு பக்கமும் எதிரெதிராகக் கோத்தால் இழுத்தவுடன் வாய் இறுகும். பையின் நடுவில் ஒரு தையல் ஓட்டி இரண்டு அறையாக்கினால் குற்றி ஒரு பக்கம், தாள் ஒரு பக்கம். பஸ் காசு எடுக்கும்போது மற்றவர் கண்ணில் தாள் படாது. இது சின்ன விடயமல்ல.

ஆண்களில் பலர் சேட்டுப் பொக்கற்றில் சில்லறையைப் போட்டுவிட்டுக் குனிந்து புல்லுப் பிடுங்குகிறார்கள். வயலில் விழுந்த குற்றியை ஏர் தான் எடுக்கும். சாரத்துக்குக் கட்டும் பை வைத்த அகலமான பெல்ற் இப்போதும் சந்தைகளில் விற்கிறது. மாட்டு வியாபாரிகள் அதை விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் இருக்கிறது. வாங்க வசதியில்லாதவர்கள் சாரத்தின் உட்புறத்தில், இடுப்பு மடிப்பு வரும் இடத்தில், ஒரு துண்டுத் துணியைப் பையாகத் தைத்து வாயைச் சட்டை ஊசியால் குத்திக்கொள்ளலாம்.

முன்பு கொட்டப்பெட்டி என்ற ஒன்று இருந்தது. பனையோலையால் மெல்லியதாகப் பின்னி, ஒன்றுக்குள் ஒன்று செருகும்படி செய்தது. வயதானவர்கள் வெற்றிலையும் காசும் வைத்து மடியில் செருகியிருப்பார்கள். வியர்வை உள்ளே இறங்காது, குற்றி சத்தம் போடாது. இன்று அதைப் பின்னத் தெரிந்த பாட்டிகள் குறைவு. உங்கள் அயலில் ஒருவர் இருந்தால் பெண்பிள்ளைகளை அனுப்பிப் பழக்குங்கள், ஓலைக்குச் செலவில்லை. ஓலை கிடைக்காத இடத்தில் வாய் அகன்ற குளிசைப் போத்தல் நல்லது. குற்றிகளுக்கு மேல் ஒரு துண்டு பஞ்சையோ துணியையோ திணித்து மூடினால் குலுங்காது. பழைய மோட்டார் சைக்கிள் ரியூப்பை ஒரு சாண் வெட்டி, ஒரு முனையை மடித்துத் தைத்துப் பையாக்குபவர்களும் உண்டு. மழைக்கு அது நல்லதுதான். ஆனால் றப்பரோடு நெடுநாள் கிடந்தால் செம்பு கலந்த பழைய குற்றிகள் கறுத்துப்போகும்.

ஒரு பழக்கத்தை மட்டும் கட்டாயம் விடவேண்டும். இரண்டு கையிலும் சாமான் இருக்கும்போது குற்றியை வாயில் கவ்விக்கொள்வது. பெரியவர்கள் செய்வதைப் பார்த்துத்தான் சின்னப் பிள்ளைகளும் செய்கிறார்கள். பிள்ளை குற்றியை விழுங்கிவிட்டால் வாழைப்பழம் கொடுத்து இறக்கவோ, விரலை விட்டு எடுக்கவோ, சத்தி எடுக்க வைக்கவோ வேண்டாம். உணவு எதுவும் கொடாமல் உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். தொண்டையில் நிற்கிறதா வயிற்றுக்குப் போய்விட்டதா என்பதை எக்ஸ்ரே படம்தான் சொல்லும்.

இனி, சந்தையில் அல்லது வீதியோரத்தில் கீரை, தோசை, இடியப்பம் விற்கும் தாய்மாருக்கு. தோட்டத்தையும் வயலையும் விட்டு வந்த எத்தனையோ குடும்பங்களுக்கு இதுதான் முதற் கைத்தொழிலாக இருந்தது. இவர்களில் பலர், "நாள் முழுக்க விற்றேன், பின்னேரம் கையில் ஒன்றும் இல்லை" என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். விசாரித்துப் பார்த்தால், மாற்றிக் கொடுப்பதற்கென்று காலையில் கொண்டுபோன சில்லறையும் விற்ற காசும் ஒரே பைக்குள் கிடக்கும். அதற்குள்ளிருந்தே தேத்தண்ணிக்கும் பிள்ளையின் பென்சிலுக்கும் எடுத்திருப்பார்கள். பிறகு எது முதல், எது இலாபம் என்று யாரால் சொல்லமுடியும்?

மாற்றக் காசு என்பது மண்வெட்டிபோல ஒரு ஆயுதம், அது வருமானமல்ல. உங்கள் விற்பனைக்கு ஏற்றபடி ஒரு தொகையைத் தீர்மானியுங்கள். 300 ரூபா என்று வைப்போம். அதில் ஐந்து ரூபாக் குற்றி இருபது, பத்து ரூபாக் குற்றி பத்து, இருபது ரூபாத் தாள் ஐந்து. இதைத் தனிப் போத்தலில் வைத்து ஒவ்வொரு நாளும் இதே 300 உடன் வீட்டை விட்டு வெளிக்கிடுங்கள். பின்னேரம் வந்ததும் வேறு எதையும் தொடாமல், விற்ற காசிலிருந்து அதே 300 ஐ அதே வகைகளில் எண்ணிப் போத்தலில் போடுங்கள். மிஞ்சியது அன்றைய விற்பனைக் காசு. அதில் நாளைக்கு வேண்டிய உழுந்தின், மாவின் விலையை ஒதுக்கினால் மிச்சம் உங்கள் உழைப்பு. சில நாளில் அது வெறும் நாற்பது ரூபாவாக இருக்கும். மனம் நோகும்தான். ஆனாலும் தெரிந்து நோவது, தெரியாமல் முதலைத் தின்பதைவிடப் பரவாயில்லை. விலையைக் கூட்டுவதா, வேறொன்றைச் செய்து விற்பதா என்று அப்போதுதான் யோசிக்கலாம்.

வீட்டில் வைப்பதற்கு வருவோம். தறப்பாளும் கிடுகும் கொண்ட கொட்டிலில் பூட்டு என்பது பெயருக்குத்தான். எல்லாவற்றையும் ஓரிடத்தில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து வையுங்கள். காசை எண்ணுவது விளக்கு வெளிச்சத்தில் வேண்டாம். மெல்லிய தறப்பாளில் வெளியே நிழல் தெரியும். தகர ரின்னுக்குள் வெறும் குற்றியைப் போட்டால் அயல் முழுவதற்கும் கேட்கும். துணியில் சுற்றி வைத்தால் சத்தமில்லை. கோவில் திருவிழாவில் வாங்கும் மண் உண்டியல் பிள்ளைகளுக்குச் சேமிப்புப் பழக்கத் தருகிறது, மறுப்பதற்கில்லை. ஆனால் அது தூக்கிக்கொண்டு ஓடுவதற்கானதல்ல. நிரம்பும்வரை காத்திராமல் மாதத்துக்கு ஒருமுறை கவிழ்த்து எடுக்கக்கூடிய மூடி வைத்த உண்டியலே எங்களைப் போன்றவர்களுக்கு ஏற்றது.

புதைத்து வைப்பதைப் பற்றியும் சொல்லவேண்டும். மாமியின் குற்றிகள் கிணற்றில் தப்பியதற்குக் காரணம் அவை செம்பும் நிக்கலும், செம்பும் நாகமும் கலந்த பழைய குற்றிகள். 2005 இற்குப் பின் வந்த மஞ்சள் நிற ஒரு ரூபா, ஐந்து ரூபாக்கள் உருக்கின்மேல் பித்தளை பூசியவை. 11 மூலையுள்ள பத்து ரூபா முதலில் நிக்கல் பூசிய உருக்கில் வந்தது. பூச்சுத் தேய்ந்த இடத்தால் ஈரமும் உப்பும் இறங்கினால் துருப்பிடிக்கும். சந்தேகமிருந்தால் பழைய றேடியோ ஸ்பீக்கர் காந்தத்தைக் காட்டிப் பாருங்கள். பூசிய உருக்குக் குற்றி ஒட்டும், பழையது ஒட்டாது. உப்புத்தண்ணீரில் நனைந்தால் நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து வெயிலில் காயவிடுங்கள். புளி போட்டு மினுக்க வேண்டாம்.

தாளுக்கு எதிரிகள் வேறு. கூரைக்குள் செருகினால் எலி, மண்ணில் வைத்தால் கறையான். இன்னொன்று அரசாங்கத்தின் முடிவு. 1970 இல் ஐம்பது, நூறு ரூபாத் தாள்கள் செல்லாதவையாக்கப்பட்டபோது, குறித்த நாளுக்குள் ஒப்படைக்காமல் பானைக்குள் வைத்திருந்தவர்களிடம் கடதாசிதான் மிஞ்சியது.

தாளை நனையாமல் காக்க ஒரு எளிய முறை உண்டு. தடித்த பொலித்தீன் பைக்குள் தாள்களை வைத்துக் காற்றை வெளியேற்றி, வாயை ஒரு இரும்பு வாள் அலகின்மேல் மடித்து, அலகுக்கு வெளியே நீட்டி நிற்கும் ஓரத்தை மெழுகுதிரிச் சுவாலையில் மெல்ல ஓடவிட்டால் உருகி ஒட்டிவிடும். மிக்ஸர் பக்கற் ஒட்டுபவர்கள் செய்வது இதையே. ஒட்டியதைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் மீண்டும் ஒட்டுங்கள். 2009 இல் நந்திக்கடல் நீருக்குள்ளால் நெஞ்சளவில் வந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். அடையாள அட்டையையும் பிறப்புச் சான்றிதழையும் காணி உறுதியையும் அதே பையில் வையுங்கள். நனைந்து கிழிந்த தாளை எறிய வேண்டாம். இயல்பாகப் பழுதடைந்தவற்றை வங்கியில் மாற்றலாம். வேண்டுமென்று வெட்டியதோ எழுதியதோ அப்படியல்ல, அது குற்றமும்கூட.

காசு இருக்கும் இடம் வீட்டில் இரண்டு பேருக்காவது தெரிந்திருக்க வேண்டும். தாய்க்கு மட்டும் தெரிந்து, தாய் இல்லாமற்போன வீடுகளில் பிள்ளைகள் கொட்டில் நிலத்தைக் கிண்டியதைப் பார்த்திருக்கிறோம். மூத்த பிள்ளையிடம் தொகையைச் சொல்லாவிட்டாலும் இடத்தையாவது சொல்லி வையுங்கள்.

பால் மாமி பிற்காலத்திலும் ரின் வைத்திருந்தார். ஆனால் சின்ன ரின். நிரம்ப முன்னரே சந்தி முடக்குக் கடைக்குக் கொண்டுபோய்த் தாளாக்கி வந்துவிடுவார். கடைக்காரர் எண்ணி முடிக்கும்வரை அவரும் ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டுதான் நிற்பார்.