கங்கை மீனும் கிருஷ்ணகிரி வாணலியும்

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்குக் கடல் கிடையாது. கிழக்கே சென்னைக் கடற்கரை சுமார் 250 கிலோமீட்டர். மேற்கே மங்களூர் அதைவிடத் தூரம், நடுவில் மேற்குத் தொடர்ச்சி மலை வேறு. மாவட்டத்தின் பெரிய ஊரான ஓசூர் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ராகிக் களிக்கும் கொள்ளுக்கும் மாம்பழத்துக்கும் பேர்போன சீமை இது. ஆனாலும் பெங்களூரிலிருந்து காரில் இறங்கி வருகிறவர்கள் "வழியில மீன் சாப்பிட்டுப் போயிடலாம்" என்று சொன்னால், அது பெரும்பாலும் கிருஷ்ணகிரிக்கு ஏழெட்டு கிலோமீட்டர் தள்ளி இருக்கும் கே.ஆர்.பி. அணையைத்தான் குறிக்கும். அணையை ஒட்டி வரிசையாக நிற்கும் மீன் வறுவல் கடைகளுக்குப் பெரிய பெயர்ப்பலகை இல்லை, அச்சடித்த மெனு இல்லை. எண்ணெய் பொரியும் வாசனைதான் விளம்பரம்.

தென்பெண்ணையின் குறுக்கே கட்டிய இந்த அணையை 1957 நவம்பர் 10 அன்று முதல்வர் காமராஜர் திறந்து வைத்தார். உயரம் 52 அடி. இடது, வலது வாய்க்கால்கள் வழியாக 9,012 ஏக்கருக்குப் பாசனம். திட்டம் நெல்லுக்காகப் போட்டது. திறப்பு விழாவும் அணைக்குத்தான் நடந்தது. மீன் கடைக்கு யாரும் ரிப்பன் வெட்டவில்லை. தண்ணீர் தேங்கினால் மீன் வரும், மீன் வந்தால் வலை வரும், பார்க்க வரும் கூட்டத்துக்குப் பசிக்கும். கடை தானாக முளைத்துக்கொண்டது. மேட்டூரிலும் சாத்தனூரிலும் இதே கதைதான்.

எங்கிருந்தோ வந்த மீன்

அன்று இந்த ஆற்றுக்குச் சொந்தமானவை சின்னக் கெண்டை, கெளுத்தி, விரால், ஆரா போன்றவை. குழம்புக்கு ருசி, ஆனால் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்கு வறுத்துப் போட அவை போதாது. இன்று கடைப் பலகையில் அடுக்கி வைத்திருக்கும் பெரிய துண்டுகள் கட்லா, ரோகு, மிர்கால். மூன்றும் வடக்கத்தி ஆறுகளின் மீன். ரோகுவும் மிர்காலும் கங்கைச் சமவெளியில் தலைமுறை தலைமுறையாகச் சாப்பிடப்பட்டவை.

இவற்றுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. தேங்கின தண்ணீரில் வளரும், ஆனால் முட்டையிடாது. ஆற்றில் வெள்ளம் பெருகினால்தான் இனப்பெருக்கம். அதனால் அந்தக் காலத்தில் வடக்கே ஆற்று வெள்ளத்தில் குஞ்சு பிடித்து, ரயிலேற்றித் தொலைதூரங்களுக்கு அனுப்பினார்கள். வழியில் செத்தது போக மிச்சம்தான் குளத்துக்கு. இந்தப் பூட்டைத் திறந்தவர் ஹீராலால் சௌத்ரி என்ற விஞ்ஞானி. பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி போட்டு இந்தப் பெருங்கெண்டைகளைத் தொட்டியிலேயே முட்டையிட வைக்கலாம் என்று அவரும் அவருடைய குழுவினரும் ஒடிசாவில் செய்து காட்டினார்கள். அந்த நாள் 1957 ஜூலை 10. இன்றும் அதைத் தேசிய மீன் விவசாயிகள் தினமாகக் கொண்டாடுகிறார்கள். கே.ஆர்.பி. அணை திறந்தது அதற்கு நான்கு மாதம் கழித்து. ஊசி இல்லையென்றால் குஞ்சு இல்லை. குஞ்சு விடாவிட்டால் அணையில் ரோகு இல்லை. மீன்வளத் துறையின் விதைப் பண்ணையும் அணையை ஒட்டியே அமைந்தது.

பலகையில் இன்னொரு விருந்தாளியும் உண்டு: ஜிலேபி. ஆப்பிரிக்காவின் திலேப்பியா, 1952இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. கட்லாவுக்கு இருக்கும் பிடிவாதம் இதற்கு இல்லை. முட்டையைத் தாய்மீன் வாயிலேயே வைத்துக் காப்பாற்றும். தேங்கின தண்ணீரிலும் யார் தயவும் இல்லாமல் பெருகிவிடும். ஏரி, குளம், அணை என்று எங்கும் நிறைந்து, மலிவு மீன் என்ற பெயரும் வாங்கிவிட்டது. மாணவர்களும் கூலிக்காரர்களும் வாங்கித் தின்ற மீன் அதுதான். இன்றும் முழுசாக வறுத்துத் தட்டில் வைக்க ஜிலேபிதான் தோது.

வாணலிக்கு முன்னால்

செய்முறையில் பெரிய ரகசியம் ஏதுமில்லை. கைப்பக்குவம் மட்டும் உண்டு. செதிலை உரசி, செவுளைப் பிடுங்கி, குடலை எடுத்து, கல் உப்பும் மஞ்சளும் போட்டு இரண்டு மூன்று தண்ணீரில் அலசுவார்கள். அணை மீனுக்குச் சேற்று வாடை உண்டு. இந்த அலசலில்தான் அது போகும். இங்கே சோம்பல்பட்டால் எந்த மசாலாவும் காப்பாற்றாது. ஜிலேபி என்றால் இரண்டு பக்கமும் சாய்வாக மூன்று நான்கு கீறல். கீறலுக்குள் விரலை விட்டு மிளகாய்த்தூள், மல்லித்தூள், இஞ்சி பூண்டு விழுது, எலுமிச்சைச் சாறு கலந்த விழுதைத் திணிப்பார்கள். மேலே ஒட்டிக்கொள்ள அரிசி மாவோ சோள மாவோ கொஞ்சம்.

ஊறின மீனைக் காலையிலேயே முக்கால் வேக்காடு வறுத்து அடுக்கிவிடுவது வழக்கம். ஆள் வந்து கை காட்டியதும் மறுபடி எண்ணெயில் போடுவார்கள். முதலில் சளசளவென்று பெரிய குமிழி. ஈரம் வற்ற வற்றக் குமிழி சிறுத்து, சத்தம் அடங்கி, கீறலின் ஓரம் கருஞ்சிவப்பாகச் சுருளும். அந்த நேரத்தில் எடுத்தால் தோல் மொறுமொறு, உள்ளே சதை வெள்ளை. அரை நிமிஷம் தப்பினால் கட்டை. இந்தக் கணக்கு கடிகாரத்தில் இல்லை, காதில் இருக்கிறது. வாணலிக்கு முன்னால் நிற்பவர் பக்கத்துக் கடைக்காரரோடு பேசிக்கொண்டே மீனைத் திருப்பிப் போடுவார்.

அன்று விறகு அடுப்பு, கடலை எண்ணெய், கிழித்த செய்தித்தாள், ஓரத்தில் ஒரு கைப்பிடி வெங்காயம். இன்று சிலிண்டர், பாமாயில், பிளாஸ்டிக் நாற்காலி, தூணில் ஒட்டிய க்யூஆர் அட்டை. பத்து ரூபாய்ச் சில்லறைக்குத் தகராறு நடந்த இடத்தில் இப்போது பணம் வந்துசேர்ந்ததை ஒலிபெருக்கி சத்தமாகச் சொல்கிறது. சட்டமும் கடை வரைக்கும் வந்துவிட்டது. சிறு உணவுக்கடையும் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்ய வேண்டும். திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் துருவச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அதைக் கொட்டிவிட வேண்டும் என்பது 2018 ஜூலை முதல் விதி. எல்லைக்கு அந்தப் பக்கம் கர்நாடகம் 2024 ஜூனில் கோழி, மீன் கபாப்களில் செயற்கை நிறமிக்குத் தடை போட்டது. அதற்குப் பிறகு பெங்களூர் வண்டிகளில் வருகிறவர்கள் மீனின் சிவப்பைச் சற்று சந்தேகமாகவே பார்க்கிறார்கள். பார்ப்பதும் நல்லதுதான். மிளகாய்த்தூளின் சிவப்பு எண்ணெயில் கருக்கும். கருக்காத சிவப்பு பாக்கெட்டில் வந்தது.

யார் சாப்பிட்டார்கள்?

அன்று இந்தக் கடைகளுக்குச் சோறு போட்டது சாலை. வாரணாசியில் தொடங்கிக் கன்னியாகுமரியில் முடிந்த பழைய தேசிய நெடுஞ்சாலை 7, ஓசூர், கிருஷ்ணகிரி வழியாகத்தான் போனது. சென்னைச் சாலை பிரிவதும் கிருஷ்ணகிரியில்தான். இருவழிச் சாலை, ஓரத்தில் புளியமரம், மெதுவாக ஊரும் லாரி. டிரைவர், கிளீனர், மாம்பழ வியாபாரி, பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள், ஆடிப்பெருக்குக்கு ஆற்றில் குளிக்க வந்த குடும்பங்கள். ஆடி பதினெட்டு அன்றைக்கு அணைப் பக்கம் கால் வைக்க இடமிருக்காது. மற்ற நாட்களில் பாட்டிலுக்குத் துணையாக மீன் தேடி வந்தவர்களும் உண்டு. அதனாலேயே பெண்களை அழைத்து வரத் தயங்கின குடும்பங்களும் இருந்தன.

பிறகு சாலை மாறியது, ஊரும் மாறியது. 1970களில் ஓசூரில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980இல் டிவிஎஸ் 50 மொபெட் அங்கிருந்துதான் புறப்பட்டது. அதே வருஷம் அசோக் லேலண்ட் தொழிற்சாலை. பின்னாலேயே டைட்டன் கைக்கடிகாரம். தங்க நாற்கரச் சாலை நான்கு வழியானதும் ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 50 கிலோமீட்டர் என்பது ஒரு மணி நேரத்துக்குள் அடங்கியது. 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டம். 2010இல் சாலைகளுக்குப் புது எண் கொடுத்தபோது 7 போய் 44 ஆனது. சாலை இப்போது ஸ்ரீநகர் வரை நீள்கிறது. 2019இல் ஓசூர் மாநகராட்சி. 2021இல் போச்சம்பள்ளி பக்கம் ஓலா மின்ஸ்கூட்டர் ஆலை, ஓசூர் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ்.

ஆகவே இன்று மேசையில் உட்கார்ந்திருப்பது வேறு கூட்டம். ஞாயிற்றுக்கிழமை மதியம் பெங்களூர் ஐடிக்காரர்கள், ஷிப்ட் முடிந்து விடுதியிலிருந்து கூட்டாக வந்த தொழிற்சாலைப் பெண்கள், தஞ்சாவூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் வேலைக்கு வந்து கடல்மீன் ஏக்கத்தோடு இருக்கும் இளைஞர்கள். "அக்கா, முள்ளு கம்மியா இருக்கிறதா எடுங்க" என்பது கடலோரப் பிள்ளைகளின் முதல் கோரிக்கை. ரோகுவுக்குள் கவைபோல் பிரிந்த நுண்முள் உண்டு. வஞ்சிரம் சாப்பிட்டு வளர்ந்த வாய்க்கு அது வம்பு. தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது என்று நான்கு பாஷையில் வியாபாரம் செய்து பழகிய சீமை இது. ஐந்தாவதாக இந்தியும் சேர்ந்துவிட்டது.

காரணம், கட்டடத்திலும் ஆலையிலும் வேலை செய்யும் ஒடிசா, பீகார், வங்காளத் தொழிலாளர்கள். அவர்களுக்கு இந்த முள் ஒரு பொருட்டே அல்ல. நாம் கழித்துவிடும் ரோகுத் தலையைக் கேட்டு வாங்குவார்கள். வயிற்றுக் கொழுப்புத் துண்டு அவர்களுக்கு விருந்து. கடுகெண்ணெய் வாசனை இல்லையே என்ற குறை மட்டும் இருக்கலாம். அறுபது வருஷத்துக்கு முன்னால் அவர்கள் ஊர் மீனை இங்கே இறக்கினோம். அந்த மீனைச் சின்ன வயதிலிருந்து தின்றவர்கள் இப்போது அதே சாலையில் பிழைப்புக்கு வந்து இறங்குகிறார்கள்.

ஐஸ் பெட்டி வந்த பிறகு

அணை மீனுக்குப் போட்டியும் வந்தது. முன்பு கடல்மீன் என்றால் இந்தப் பக்கத்தில் கருவாடுதான். சந்தைக்குச் சந்தை மூட்டையில் வரும். நான்கு வழிச்சாலையும் ஐஸ் பெட்டியும் சேர்ந்து கிழக்குக் கரை, மேற்குக் கரை இரண்டையும் ஓசூருக்குப் பக்கத்தில் கொண்டுவந்துவிட்டன. ராத்திரி கரையில் ஏற்றிய சங்கராவும் நெத்திலியும் காலையில் இங்கே தராசுக்கு வந்துவிடும். கேரளப் பாணி, மங்களூர்ப் பாணி என்று கடைகளும் வந்தாயிற்று.

ஆனால் கடலுக்கு விடுமுறை உண்டு. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் இரண்டு வாரம் இரண்டு பக்கமும் விசைப்படகு நிற்கும். அது இங்கே மாங்காய் சீசனும்கூட. பரிசலில் போய் வலை விரித்துப் பிடித்த கட்லாவும் பக்கத்துத் தோப்பு மாங்காயும் ஒரே குழம்பில் சேரும் மாதம். அப்போது வஞ்சிரம் வேண்டும் என்று அடம்பிடிப்பவரும் அணை மீனுக்கு இறங்கி வருவார்.

மேலே இருந்து வரும் தண்ணீர்

தென்பெண்ணை கர்நாடகத்தில் நந்தி மலைப் பக்கம் பிறந்து, பெங்களூரின் கிழக்கு ஓரமாக இறங்கி, ஓசூருக்கு அருகே தமிழ்நாட்டுக்குள் நுழைகிறது. முதலில் கெலவரப்பள்ளி அணை, அடுத்தது கே.ஆர்.பி. அன்று மழைக்குப் பின் வந்தது மலை வெள்ளம். இன்று நகரத்தின் பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளைக் கடந்த கழிவுநீரும் சேர்ந்து வருகிறது. மழை நாட்களில் கெலவரப்பள்ளிக்குக் கீழே வெள்ளை நுரை மலையாகக் குவிந்து, தரைப்பாலத்தை மூடிப் போக்குவரத்தை நிறுத்திய படங்களை எல்லோரும் பார்த்திருக்கிறோம். மேலே அணை கட்டித் தண்ணீரைத் தடுப்பது பற்றி இரு மாநிலங்களும் உச்ச நீதிமன்றம் வரை போயாயிற்று. 2019 நவம்பரில் தமிழ்நாட்டின் மனு தள்ளுபடியானது. எவ்வளவு தண்ணீர் என்ற வழக்குக்கு வக்கீல் உண்டு. எப்பேர்ப்பட்ட தண்ணீர் என்ற வழக்கில் வாதாட மீனுக்கு வாய் இல்லை.

கடை எதையெல்லாமோ பார்த்துவிட்டது. 2017 நவம்பர் 29 அன்று அணையின் முதல் மதகு ஷட்டர் உடைந்து, தேக்கிய தண்ணீரை ஆற்றில் விட வேண்டியதாயிற்று. பிறகு மற்ற மதகுகளுக்கும் புது ஷட்டர் போட்டார்கள். கொரோனாவில் சாலையே வெறிச்சோடியது. அடுத்தது சாலையின் முறை: ஸ்ரீபெரும்புதூரையும் ஹோஸ்கோட்டையையும் இணைக்கும் 262 கிலோமீட்டர் சென்னை-பெங்களூர் விரைவுச்சாலை கிருஷ்ணகிரியைத் தொடாமல், சித்தூர் வழியாகப் போகிறது. அது முழுசாகத் திறந்தால் சென்னை வண்டிகளில் ஒரு பகுதி இந்தப் பக்கம் திரும்பாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் அப்படி நடந்திருந்தால் கடைகள் படுத்திருக்கும். இன்று படுக்காது. வழிப்போக்கரை நம்பிய கடைக்கு இப்போது சுற்றுவட்டாரத்திலேயே வாரச் சம்பளமும் மாதச் சம்பளமும் வாங்கும் ஜனம் இருக்கிறது.

சாலை கைவிட்டாலும் சமாளிக்கலாம். தண்ணீர் கைவிட்டால் சமாளிக்க முடியாது. அணையின் நீர்மட்டம் எத்தனை அடி, வரத்து எத்தனை கனஅடி என்று மழைக்காலத்தில் நாளிதழில் தினமும் வருகிறது. விவசாயி அதைப் பார்த்து நாற்று விடுகிறார். அந்த வரிக்குப் பக்கத்தில் தண்ணீரின் தரத்துக்கும் ஓர் எண் வரட்டும். மீன்வளத் துறையும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் சேர்ந்து, அணையில் பிடிக்கும் மீனைக் குறித்த இடைவெளியில் சோதித்து, முடிவை அணை வாசலிலேயே தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பலகையில் எழுதிப் போடட்டும். தட்டுக்கு வந்த பிறகு காரம் கூடவா குறைவா என்று கேட்பதற்குக் கடைக்காரர் இருக்கிறார். அதற்கு முந்தைய கேள்விக்கு அரசாங்கம்தான் பதில் சொல்ல வேண்டும்.