சாவு வீட்டில் விலை கேட்கலாமா?

எரியூட்டும் கட்டணம் சில நூறு ரூபாய்தான். அப்படியானால் எங்கே போகிறது பணம்? பெங்களூருவின் ஈஜிபுரா சந்துகளிலிருந்து ஒரு கணக்கு.

2021 ஏப்ரல். கொரோனாவின் இரண்டாம் அலை பெங்களூருவைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தது. கொரோனாவில் இறந்தவர்களை எரிக்க மின் மயானங்களில் இனிக் காசு வாங்கக் கூடாது, செலவை மாநகராட்சியே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. அதுவரை என்ன வாங்கினார்கள் என்ற விவரமும் அப்போதுதான் பலருக்குத் தெரிந்தது. தகனத்துக்கு 250 ரூபாய், சாம்பல் வாங்கும் கலயத்துக்கு 100, பாடைக்கு 900. ஆக 1,250 ரூபாய்.

ஈஜிபுராவில் சாவு விழுந்த எந்த வீட்டிலும் போய்க் கேளுங்கள். ஆயிரத்து இருநூற்று ஐம்பதில் காரியத்தை முடித்தவர் யாரும் இருக்க மாட்டார்கள். வீட்டு வேலை, கட்டட வேலை, ஆட்டோ, செக்யூரிட்டி என்று பிழைக்கும் குடும்பங்கள், ஒரே வாரத்தில் பல மாதச் சம்பளத்தைச் செலவழித்துவிட்டு வட்டிக்கு வாங்கிய கடனோடு உட்கார்ந்திருக்கும். நெருப்புக்கு ஆன செலவு சொற்பம். மற்றதெல்லாம் விலை கேட்க முடியாத நேரத்தில் வாங்கியதற்குக் கொடுத்தது.

சில்லறையாகப் போகும் பணம்

ஒற்றை அறை வீடு, மாடிக்குக் குறுகலான படிக்கட்டு, மேலே வீட்டுக்காரர். ஆஸ்பத்திரியிலிருந்து வரும் உடலை வீட்டுக்குள் கொண்டுபோக வழியில்லை. தெருவில் ஷாமியானா போட வேண்டும்; நாற்காலி வேண்டும். திருவண்ணாமலையிலிருந்தும் வேலூரிலிருந்தும் தருமபுரியிலிருந்தும் சொந்தபந்தம் வந்து சேரும் வரை ஃப்ரீசர் பாக்ஸ் வேண்டும். "பெரிய அத்தை இன்னும் வரல" என்றால் பெட்டிக்கு இன்னொரு நாள் வாடகை. மாலை, கோடித்துணி, தப்பட்டை, சொர்க்கரதம், வழியெல்லாம் இறைக்கப் பூ, வெடி, கண்ணீர் அஞ்சலி பேனர். வந்தவர்களுக்கு டீ, சாப்பாடு. சுடுகாட்டில் ரசீதுக்கு வெளியே ஒரு தொகை. அஸ்தி கரைக்க ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு ஒரு வேன். பிறகு பதினொன்றாம் நாளோ பதினாறாம் நாளோ காரியமும் விருந்தும்.

தனித்தனியாகப் பார்த்தால் எதுவும் பெரிய தொகை இல்லை. ஆனால் ஒவ்வொன்றையும் ஒவ்வொருவர் ஏற்பாடு செய்கிறார். மச்சான் பெட்டிக்குச் சொல்கிறார், பக்கத்து வீட்டு அண்ணன் ரதத்துக்குச் சொல்கிறார், ஊரிலிருந்து வந்த சித்தப்பா "நம்ம வீட்டுல தப்பட்டை இல்லாம எடுத்ததே இல்ல" என்கிறார். மொத்தம் எவ்வளவு ஆயிற்று என்பது யார் தலையிலும் இல்லை. பில் கேட்டால் கேட்டவரைத்தான் ஒரு மாதிரி பார்ப்பார்கள். "சாவு வீட்ல வந்து பேரமா?" என்ற ஒரு வார்த்தை போதும், எல்லோர் வாயும் அடைபட்டுவிடும்.

சடங்கை விட்டுவிடச் சொல்வதோ, உழைப்பவர் கூலியில் கைவைக்கச் சொல்வதோ இந்தக் கட்டுரையின் வேலை இல்லை. பறையடிப்பவரும் மயான ஊழியரும் சாதியின் பேரால் அந்த வேலையில் தள்ளப்பட்டவர்கள். அவர்களுக்குக் கிடைப்பது என்றைக்கும் குறைவுதான். வெட்ட வேண்டியது இடைத்தரகையும் அவசரத்துக்கு ஏற்றும் விலையையும் ஊர் வாய்க்குப் பயந்து செய்யும் ஆடம்பரத்தையும்.

போனில் விலை சொல்ல வைத்த சட்டம்

அமெரிக்காவில் இதே வாயடைப்பு மிகப் பெரிய தொழிலாகவே வளர்ந்தது. அதற்கு மாற்றாக 1939-இல் சியாட்டில் நகரத்து மக்கள் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். உறுப்பினர்கள் உயிரோடு இருக்கும்போதே எளிய இறுதிச் சடங்குக்கு விலை பேசி வைத்துக்கொள்வதுதான் அதன் வேலை. 1963-இல் ஜெஸிகா மிட்ஃபோர்ட் என்ற எழுத்தாளர், துக்கத்தில் இருப்பவர்களிடம் விலையுயர்ந்த சவப்பெட்டிகளை எப்படித் தலையில் கட்டுகிறார்கள் என்று ஒரு புத்தகமே எழுதினார். நாடே கொதித்தது. 1984-இல் நடைமுறைக்கு வந்த விதியின்படி, இறுதிச் சடங்கு நிறுவனம் ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி விலைப்பட்டியல் தர வேண்டும். போனில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். வெளியில் வாங்கி வந்த பெட்டியை மறுக்கக் கூடாது. பிரிட்டனில் 2021 முதல் இந்த நிறுவனங்கள் ஒரே மாதிரியான விலைப்பட்டியலைக் கண்ணில் படும்படி வைத்தாக வேண்டும்.

நம் நாட்டில் இப்படித் தனிச் சட்டம் கிடையாது. ஆனால் துக்க வீட்டுக்குத் துணை நிற்கும் விதிகள் பல சட்டங்களில் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைத் தெரிந்துவைத்திருப்பவர்தான் குறைவு.

கையில் இருக்கும் உரிமைகள்

*பணம் பாக்கி என்று உடலைப் பிடித்துவைக்க முடியாது.* கர்நாடகத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டத்தில் 2017-இல் கொண்டுவந்த திருத்தப்படி, பில் பாக்கி இருந்தாலும் உடலைக் குடும்பத்திடம் ஒப்படைக்க வேண்டும். பாக்கியை மருத்துவமனை பிறகு வசூலித்துக்கொள்ளலாம்.

*ஜி.எஸ்.டி. கிடையாது.* தகனம், அடக்கம், பிணவறை, இறந்தவரை ஏற்றிச் செல்லும் வண்டி ஆகிய சேவைகள் ஜி.எஸ்.டி. சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் வரி வரம்புக்கு வெளியே வைக்கப்பட்டுள்ளன. 2022-இல் சுடுகாட்டுக்கும் 18 சதவீதம் என்று பரவிய செய்தி, மயானம் கட்டும் ஒப்பந்த வேலைக்கான வரியைப் பற்றியது. அதைச் சொல்லி உங்களிடம் யாரும் கூடுதலாக வாங்க முடியாது.

*பில் கேட்கலாம்.* கொடுத்த சேவைக்கு ரசீது தராமல் இருப்பது நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி முறையற்ற வணிக நடவடிக்கை. பெட்டி வாடகைக்கு விடுபவருக்கும் ரதம் ஓட்டுபவருக்கும் இது பொருந்தும். புகார் சொல்ல 1915 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

*இறப்புப் பதிவு.* 21 நாளுக்குள் பதிவு செய்தால் கட்டணம் இல்லை. சான்றிதழின் முதல் பிரதியும் இலவசம். அதைத் தாண்டினால் தாமதக் கட்டணம், 30 நாளைத் தாண்டினால் மேலதிகாரியின் அனுமதி, ஓராண்டைத் தாண்டினால் மாஜிஸ்திரேட் உத்தரவு என்று வேலை நீளும்.

பதிவில் தமிழ்நாட்டுக்காரர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இறப்பு எங்கே நடந்ததோ அங்கேதான் பதிவு செய்ய வேண்டும். இங்கே இறந்தவரை ஊருக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தாலும் சான்றிதழ் பெங்களூருவில்தான் வாங்க வேண்டும். இது தெரியாமல் ஊர்ப் பஞ்சாயத்துக்கும் இங்கேயுமாக அலைந்தால் பஸ் காசு போவதுதான் மிச்சம்.

ஊருக்கா, இங்கேயா?

செலவைப் பெருமளவு தீர்மானிப்பது இந்த ஒரு முடிவுதான். திருவண்ணாமலை சுமார் 200 கிலோமீட்டர். வண்டி திரும்பி வரும் தூரத்துக்கும் நீங்கள்தான் கொடுக்க வேண்டும். சுங்கக் கட்டணம், டிரைவர் பேட்டா, ஊரில் காத்திருக்கும் நேரத்துக்கான கட்டணம் எல்லாம் பேசிய தொகையில் அடங்குமா என்று வண்டி கிளம்பும் முன் கேட்டு, வாட்ஸ்ஆப்பில் ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 2021-இல் தனியார் ஆம்புலன்ஸ்கள் கேட்ட தொகையைப் பார்த்து அரசே தலையிட்டுக் கட்டணம் நிர்ணயிக்க வேண்டிவந்தது நினைவிருக்கலாம்.

இங்கேயே செய்வதென்றால் ஈஜிபுராவுக்குப் பக்கம் வில்சன் கார்டன் எலக்ட்ரிக் சுடுகாடு. மருத்துவர் தரும் இறப்புச் சான்றும் ஆதாரும் தயாராக இருக்க வேண்டும். வீட்டிலேயே இறந்தால், நேரில் வந்து பார்த்துச் சான்று தரும் மருத்துவர் யார் என்று முன்பே தெரிந்திருந்தால் பாதிப் பதற்றம் குறையும். விவேக்நகர் பக்கத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்குக் கேள்வி வேறு. ஓசூர் ரோடு கல்லறையில் இட நெருக்கடி. குடும்பக் கல்லறையைத் திரும்பத் திறக்க முடியுமா, பங்குக்குக் கட்டும் தொகை எவ்வளவு என்று ஆலயத்தில் இப்போதே விசாரித்து வைக்கலாம்.

செலவே வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு உடல் தானம் இருக்கிறது. நடக்கும் தூரத்தில் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி. 2024 செப்டம்பரில் காலமான மார்க்சிஸ்ட் தலைவர் சீதாராம் யெச்சூரியின் உடலைக் குடும்பத்தார் டெல்லி எய்ம்ஸுக்குத் தந்தார்கள். ஆனால் பிரேதப் பரிசோதனை ஆன உடலையும் தொற்றுநோயில் இறந்தவரின் உடலையும் பொதுவாகக் கல்லூரிகள் ஏற்பதில்லை என்பதால், இரண்டாவது ஏற்பாடும் கையில் இருக்கட்டும்.

வர வேண்டிய பணம்

சம்பளச் சீட்டில் இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தவர் இறந்தால், ஈமச் செலவுக்கு 15,000 ரூபாய் வரை கிடைக்கும். மூன்று மாதத்துக்குள் கேட்க வேண்டும். ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி, கார்மென்ட்ஸ் தொழிலாளர்கள் பலருக்கு இந்தப் பிடித்தம் உண்டு. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ள குடும்பத்தில் சம்பாதிப்பவர் 18 முதல் 59 வயதுக்குள் இறந்தால், தேசியக் குடும்ப நலத் திட்டத்தில் 20,000 ரூபாய். கட்டடத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்து அட்டையைப் புதுப்பித்து வைத்திருந்தால் அங்கும் ஈமச் செலவு உதவி உண்டு. இவை எல்லாம் பின்னால் வரும் பணம். அன்றைக்குக் கையில் ரொக்கம் வேண்டுமே?

அதற்குத்தான் சங்கம். இலங்கையில் ஊருக்கு ஊர் மரண சகாயச் சங்கங்கள் உண்டு. மாதச் சந்தா கட்டினால், சாவு விழுந்த அன்றே பணமும் பந்தலும் நாற்காலியும் ஆட்களும் வந்து சேரும். எத்தியோப்பியாவில் இதற்கு 'இத்திர்' என்று பெயர். ஈஜிபுராவில் சீட்டுப் பிடிக்காத தெரு எது? நூறு வீடு, மாதம் ஐம்பது ரூபாய் என்றால் ஆண்டுக்கு 60,000. நான்கு சாவுக்குத் தலா 10,000 கொடுத்தாலும் 20,000 மிஞ்சும். அதில் ஷாமியானாவும் நாற்காலியும் சொந்தமாகவே வாங்கிவிடலாம். நூறு வீட்டின் சார்பில் ஒருவர் ஃப்ரீசர் பாக்ஸுக்கும் ரதத்துக்கும் ஆண்டு விலை பேசினால் அதை யாரும் பேரம் என்று முகம் சுளிக்க மாட்டார்கள்.

இதில் ஒரு சிக்கல். 2013 ஜனவரியில் ஈஜிபுரா ஏழைகள் குடியிருப்பை இடித்தபோது ஆயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் சிதறின. பலரை சூலிகுண்டேவுக்கு அனுப்பினார்கள். வீட்டோடு சேர்ந்து, கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்து பாடை கட்டிய அக்கம்பக்கமும் போய்விட்டது. இன்று வாடகைக்கு மாறி மாறி வருபவர்களை நம்பி நடத்த வேண்டுமென்றால், சங்கம் வாய்ப்பேச்சில் ஓடாது. நோட்டும் வங்கிக் கணக்கும் இருவர் கையெழுத்தும் வேண்டும்.

ஒரு தாளில் எழுதுங்கள்

• எரிப்பதா, புதைப்பதா, தானமா? இங்கேயா, ஊரிலா?
• எந்தச் சடங்கு கட்டாயம் வேண்டும், எது வேண்டாம்? தப்பட்டை, வெடி, பேனர், விருந்து ஒவ்வொன்றுக்கும் ஆம் அல்லது இல்லை.
• பணத்தைக் கையாளப்போகும் ஒரே ஆள் யார்? அவர் பெற்ற பிள்ளையாக இல்லாமல், துக்கம் சற்று விலகி நிற்கும் மருமகனோ நண்பரோ ஆனால் நல்லது.
• அதிகபட்சம் எவ்வளவு?
• ஆதார், ரேஷன் கார்டு, இ.எஸ்.ஐ. அட்டை, வாரிய அட்டை, இன்ஷூரன்ஸ் எங்கே இருக்கின்றன?
• ஃப்ரீசர் பாக்ஸ், வண்டி, பந்தல்: இரண்டிரண்டு போன் எண், கேட்டு வைத்த விலை.

இந்தத் தாளின் பெரிய பயன் பணத்தில்கூட இல்லை. "அப்பா வேண்டாம்னு எழுதி வச்சுட்டுப் போயிருக்கார்" என்று சொல்லும்போது சித்தப்பாவிடமும் பதில் இல்லை, ஊரிடமும் பதில் இல்லை. கஞ்சத்தனம் என்ற பழி பிள்ளைகள் மேல் விழாது.

மாநகராட்சிக்கும் ஒரு வேலை இருக்கிறது. 2025 செப்டம்பரிலிருந்து பெங்களூருவில் ஐந்து மாநகராட்சிகள். ஒவ்வொரு மயான வாசலிலும் கட்டணம், நேரம், தேவையான ஆவணம், புகார் எண் நான்கையும் கன்னடத்தில் பெரிதாக எழுதி, கீழே தமிழ், தெலுங்கு, உருதுவிலும் போட ஒரு பலகையும் ஒரு டப்பா பெயின்டும் போதும். கவுன்சிலர் ஓட்டுக் கேட்டு வரும் நாளில் கேட்கச் சுலபமான கோரிக்கை இது. பலகை வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். அடுத்த சீட்டுக் கூட்டத்தில் ஏலம் முடிந்ததும் கால் மணி நேரம் ஒதுக்கி, யார் யார் எவ்வளவு கொடுத்தோம் என்று போன சாவுகளின் கணக்கை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளுங்கள். ஈஜிபுராவின் முதல் விலைப்பட்டியல் அங்கேயே தயாராகிவிடும்.