உங்களுக்குத் தெரியுமா? குணமும் கைபேசியும்

வகுப்பு வாட்ஸ்ஆப் குரூப்பில் ஒரு மாணவியின் படத்தை மீமாக்கிப் போடுவதும், ஃபேக் ஐடியில் ஒருவனை அசிங்கப்படுத்துவதும் விளையாட்டல்ல, துன்புறுத்தல். அதைச் செய்யும் பிள்ளைகளின் மனம் பற்றி உளவியல் சொல்பவை இவை.

● பள்ளிப் பிள்ளைகளிடையே நடக்கும் துன்புறுத்தலை 1970-களிலேயே முறையாக ஆராய்ந்தவர் டேன் ஓல்வியஸ். வேண்டுமென்றே செய்வது, திரும்பத் திரும்பச் செய்வது, எதிர்த்து நிற்க முடியாதவரிடம் செய்வது என மூன்று அடையாளங்களை அவர் வகுத்தார். கைபேசியில் இரண்டாவது அடையாளம் தானாகவே வந்துவிடுகிறது. ஒருவர் ஒரே ஒரு முறை போட்ட படத்தை, ஊரே பரப்புகிறது.

● தற்பெருமை, சூழ்ச்சி, ஈவிரக்கமின்மை ஆகிய மூன்றையும் 'இருண்ட மும்மை' என 2002-இல் தொகுத்தவர்கள் கனடாவின் டெல்ராய் பால்ஹஸும் கெவின் வில்லியம்ஸும். இணையத்தில் வம்பிழுத்து ரசிக்கும் பெரியவர்களை ஆராய்ந்த 2014-ஆம் ஆண்டின் ஆய்வில், இவற்றையும் மிஞ்சி நின்றது பிறர் வலியில் இன்பம் காணும் குணம்.

● இரக்கத்துக்கு இரண்டு பக்கம் உண்டு. அடுத்தவருக்கு வலிக்கும் என்று புரிந்துகொள்வது ஒன்று, அந்த வலியைத் தானும் உணர்வது இன்னொன்று. சிங்கப்பூரின் வளரிளம் பருவத்தினரிடம் நடந்து 2010-இல் வெளியான ஆய்வில், இரண்டுமே குறைந்தவர்கள் இணையத்தில் அதிகம் துன்புறுத்தினார்கள். இரண்டையும் பயிற்சியால் வளர்க்க முடியும் என்பது நல்ல செய்தி.

● வீட்டில் சாதுவான பிள்ளையும் திரைக்குப் பின்னால் முரடாகலாம். பெயரை மறைக்கலாம், எதிராளியின் முகம் தெரியாது, பதிலை உடனே எதிர்கொள்ள வேண்டியதில்லை. இந்தத் தடையின்மையை 2004-இல் விளக்கி எழுதினார் உளவியலாளர் ஜான் சூலர். 'என் பிள்ளை அப்படிச் செய்யாது' என்று சொல்லும் முன் பெற்றோர் இதை நினைக்க வேண்டும்.

● "சும்மா கலாய்ச்சேன்", "எல்லாரும்தான் போட்டாங்க", "நான் ஃபார்வர்டுதான் பண்ணேன்." மனசாட்சியை இப்படித் தூங்கவைக்கும் சாக்குகளை வரிசைப்படுத்திக் காட்டியவர் ஆல்பர்ட் பண்டூரா. பிள்ளையின் வாயில் இவை வந்தால் அங்கேயே நிறுத்திப் பேசுங்கள்.

● எளிதில் கலங்கும், பதறும் பிள்ளைகள் அதிகம் குறிவைக்கப்படுகிறார்கள். அதற்காக "நீ ஏன் இவ்வளவு தொட்டாச்சிணுங்கியா இருக்கே?" என்று கேட்பது, அடிபட்டவரையே குற்றவாளியாக்குவது.

● துன்புறுத்துபவர், எடுபிடி, சிரித்து ஊக்குவிப்பவர், ஒதுங்கி நிற்பவர், காப்பவர், பாதிக்கப்பட்டவர் என வகுப்பில் ஆறு பாத்திரங்கள் உண்டு என்று 1996-இல் காட்டினார் பின்லாந்தின் கிறிஸ்டினா சல்மிவல்லி. அங்கே 2009-இல் நாடெங்கும் பரவிய 'கிவா' திட்டம், வேடிக்கை பார்ப்பவர்களைக் காப்பவர்களாக மாற்றவே பாடுபடுகிறது. குரூப்பில் யாரும் சிரிக்காவிட்டால் மீம் போட்டவருக்கு மேடையே இல்லை.

● அமெரிக்காவில் 13 வயதில் திரிஷா பிரபு உருவாக்கியது 'ரீதிங்க்' என்ற செயலி. புண்படுத்தும் சொல்லைத் தட்டச்சு செய்தால், அனுப்பும் முன் 'இதை அனுப்பத்தான் வேண்டுமா?' என்ற பொருளில் கேட்கும். அவசரத்தை அடக்கும் மூளைப் பகுதி 20 வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருப்பதால், வளரிளம் பருவத்தினருக்கு அந்த ஒரு நொடித் தயக்கம் பெரிய உதவி.

● குணம் கல்வெட்டல்ல. பிறரோடு இணங்கிப்போவதும் பொறுப்புணர்வும் இளமைப் பருவத்தில் பலரிடம் கூடுகின்றன. தவறு செய்த மாணவனுக்கு 'பொறுக்கி' என்று முத்திரை குத்தாதீர்கள். செய்ததற்குப் பொறுப்பேற்க வையுங்கள், திருந்த வழிவிடுங்கள்.

● போனைப் பிடுங்கிவிடுவார்களோ என்ற பயத்தில்தான் பல பிள்ளைகள் வாய் திறப்பதில்லை. பிடுங்காதீர்கள். முதலில் ஸ்கிரீன்ஷாட் எடுத்துவையுங்கள், பிறகு பிளாக் செய்யுங்கள். இந்தியாவில் குழந்தைகள் உதவிக்கு 1098, சைபர் குற்றப் புகாருக்கு 1930, மனநல ஆலோசனைக்கு 14416. இந்த மூன்று எண்களையும் இன்றே பிள்ளையின் போனில் பதிந்து கொடுங்கள்.