எந்தக் கடனை முதலில் அடைப்பது?

எமது டிரெஸ்டன் நகரசபை 2006ஆம் ஆண்டு செய்த ஒரு காரியம். நகருக்குச் சொந்தமான ஏறக்குறைய 48,000 வாடகை வீடுகளை ஓர் அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றார்கள். விலை சுமார் 170 கோடி யூரோ. நகரின் கடன் முழுவதும் அடைபட்டது. ஜேர்மனியின் பெரிய நகரங்களுள் கடனில்லாத முதல் நகரம் என்று பெயரும் கிடைத்தது. ஆனால் கையில் வீடு இல்லை. 2017இல் குறைந்த வாடகை வீடுகளுக்காக அதே நகரம் புதிதாக ஒரு நிறுவனத்தைத் தொடங்க வேண்டியதாயிற்று.

புதிதாகக் குடியேறியிருக்கும் குடும்பங்களுக்கு இதை ஏன் சொல்கிறோம் என்றால், எம்மவரும் கடனை அடைக்கும் அவசரத்தில் இதைத்தான் செய்கிறோம். ஊரில் மிஞ்சியிருக்கும் காணித்துண்டை விற்கச் சொல்லித் தொலைபேசி எடுக்கிறோம். மனைவியின் தாலிக்கொடியைத் தவிர மற்றதெல்லாம் போகிறது. பிறகு வீட்டுக்கு முற்பணம் கட்ட மீண்டும் கடன்.

பயண முகவருக்குக் கொடுத்த காசுதான் எம்மிற் பலருக்கு முதற் கடன். அதற்குக் கடுதாசி கிடையாது. ஊரில் தந்தவர் அக்காவின் புருசனாகவோ பக்கத்து வீட்டு ஐயாவாகவோ இருப்பார். நாம் கட்டாவிட்டால் அங்கே அம்மாதான் தலைகுனிய வேண்டும். ஆகவே அந்தக் கடனை முதலில் அடைக்க நினைப்பது நியாயமே. அதற்காக இங்கே வங்கிக் கணக்கை எதிர்க்கணக்காக ஓடவிடுவதுதான் பிழை. 'டிஸ்போ' என்று வங்கி தாராளமாகத் தருகின்ற அந்த வசதிக்குப் பல வங்கிகள் ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்துக்கு மேல் வட்டி எடுக்கின்றன. வட்டியில்லாத கைமாற்றை வட்டிக் கடனால் அடைத்தால் கடன் குறைவதில்லை, இடம் மாறுகிறது, அவ்வளவுதான். ஊரில் தந்தவரோடு பேசி மாதம் இவ்வளவு என்று தவணை வைத்துக்கொள்ளலாம். வங்கியோடு அப்படிப் பேசுவதற்கு முதலில் டொச் வேண்டும்!

வீட்டு முற்பணத்துக்கும் ஓடித்திரிய வேண்டியதில்லை. சட்டப்படி அது மூன்று மாத வெறும் வாடகைக்கு மேற்படக்கூடாது. அதையும் மூன்று சம தவணைகளாக, முதலாவதை வாடகைக் காலம் தொடங்கும்போதும் மற்றவற்றை அடுத்த இரு மாத வாடகைகளோடும் கட்டலாம். வீட்டுக்காரர் இதை எமக்குச் சொல்லமாட்டார். நாம்தான் கேட்க வேண்டும்.

அடுத்தது சீட்டு. எம்மவர் சீட்டை விடமாட்டார்கள், விடச் சொல்லவும் நாம் வரவில்லை. ஆனால் சீட்டு யாருக்குச் சேமிப்பு, யாருக்குக் கடன் என்பதைக் கணக்குப் பார்க்க வேண்டும். இருபது பேர், ஆளுக்கு நூறு யூரோ, மொத்தம் இரண்டாயிரம் என்று வைப்போம். இரண்டாம் மாதமே 400 கழிவுக்குக் கேட்டு எடுப்பவர் கையில் வருவது 1,600. அந்தக் கழிவில் ஆளுக்கு 20 பங்கு கிடைப்பதால் அந்த மாதம் எல்லோரும் 80 கட்டினால் போதும். எடுத்தவரோ இன்னும் பதினெட்டு மாதம் கட்ட வேண்டும். அவருக்கு இது வட்டிக் கடன். கடைசிவரை பொறுத்திருப்பவருக்குத்தான் இது சேமிப்பு. அந்தச் சேமிப்புக்கும் தாச்சியின் நேர்மை ஒன்றே பிணை. வங்கியில் இடும் பணத்துக்கு ஒரு வங்கியில் ஒருவருக்கு ஒரு இலட்சம் யூரோ வரை சட்டப் பாதுகாப்பு உண்டு. இந்தியாவில் 1982ஆம் ஆண்டே சீட்டுக்கென்று தனிச் சட்டம் வந்தது. இங்கே நாம் எமக்குள் பிடிக்கும் சீட்டுக்கு ஒரு கொப்பி மட்டைதான் ஆதாரம். இந்த நகரில் நாம் சிலபேர்தான். சீட்டு உடைந்தால் பிறந்தநாள் வீட்டுக்குப் போகவும் முகமில்லாமற் போகும். ஆகவே சின்னத் தொகை, தெரிந்த ஆட்கள், அதுவும் ஒன்றே ஒன்று.

தொழிற்சாலையில் நிரந்தரமானதும் சம்பளப் பகுதியில் ஒரு கேள்வி கேளுங்கள்: 'ஃபவ்-எல்' உண்டா? சம்பள ஒப்பந்தத்தில் இருந்தால் முதலாளியே மாதம் 40 யூரோ வரை எமது பெயரில் சேமிப்பாகக் கட்டுவார். ஏழு ஆண்டு தொடமுடியாது. தொடமுடியாமல் இருப்பதே எமக்கு நல்லது. ஊரில் ஒரு கலியாணம் என்றால் எம் கை சும்மா இருக்காதே.

பிள்ளைகள் வந்த பிறகு கணக்கு மாறுகிறது. பிள்ளைப் பணம் 2026 ஜனவரி முதல் ஒரு பிள்ளைக்கு மாதம் 259 யூரோ (வதிவிட அனுமதியின் வகையைப் பொறுத்தது). அதைக் கொண்டு காருக்குத் தவணை கட்டும் வீடுகளும் உண்டு, பேசி வேலையில்லை.

கடன் கழுத்துக்கு வந்துவிட்டால் ஒளிக்க வேண்டாம். மஞ்சள் உறையில் வரும் நீதிமன்றக் கடிதத்தை உடனே பிரித்துப் பாருங்கள். காரிட்டாஸ், டியாக்கோனி போன்றவை டிரெஸ்டனிலும் கடன் ஆலோசனை நடத்துகின்றன. தனிநபர் கடன் நிவாரணச் சட்டம் 1999 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முன்பு ஆறு ஆண்டு காத்திருக்க வேண்டியிருந்தது, 2020 ஒக்டோபருக்குப் பிந்திய விண்ணப்பங்களுக்கு மூன்றே ஆண்டு. பக்கத்து வீட்டு ஐயாவின் காசைச் சட்டம் தள்ளுபடி செய்தாலும் ஊர் தள்ளுபடி செய்யாது என்பது வேறு கதை.

கடைசியாக ஓய்வூதியம். குறைந்தது ஐந்து ஆண்டு பங்களிப்பு இல்லாவிட்டால் முதுமைப் பென்சன் கிடையாது. எண்பதுகளில் வந்த அண்ணன்மார் சிலர் உணவகச் சமையலறைகளில் பதிவில்லாமல் பத்து மணித்தியாலம் நின்றார்கள். அந்தக் காசில் இங்கு வந்து சேர்ந்த தம்பி தங்கைகள் எத்தனையோ பேர். அண்ணன்மாரின் பென்சன் கடிதத்தில் அந்த ஆண்டுகள் வெறுமையாக இருக்கின்றன. வேலைக்குப் போகும் முதல் நாளே பதிவு கேளுங்கள். சம்பளத் துண்டுகளை எறியாமல் ஒரு கோவையில் வைத்துக்கொள்ளுங்கள்.