பண்ணை வீட்டைப் புதுப்பித்தலும் விருந்தினர் வருமானமும்

விவசாயத்தோடு கூட வேறொரு சிறு வருமானமும் வேண்டும் என்பது இன்று எல்லாக் கிராமங்களிலும் கேட்கும் பேச்சாகும். கறவை மாடு, கோழி, தேனீ ஆகியவற்றின் வரிசையில் இப்பொழுது விருந்தினரும் சேர்ந்திருக்கின்றனர். பட்டணவாசிகள் குடும்பத்தோடு வந்து, ஒரு பண்ணையில் இரண்டு நாள் தங்கி, நாற்று நடுவதையும் பால் கறப்பதையும் தம் குழந்தைகளுக்குக் காட்ட விரும்புகின்றனர். அதற்குப் பணம் தரவும் தயாராக இருக்கின்றனர். இவர்களை எதிர்பார்த்து நமது விவசாயிகளில் சிலர் முதலில் செய்யும் காரியம், பாட்டனார் கட்டிய ஓட்டு வீட்டை இடித்துவிட்டு நான்கு கான்கிரீட் அறைகளை எழுப்புவதாகும். இதில் இரட்டை நஷ்டம் உண்டு. கடன் ஏறுகிறது, வருகிறவர் எதைக் காண வருகிறாரோ அதுவும் மறைந்துவிடுகிறது.

இத்தாலி தேசத்தில் இத்தொழிலுக்குத் தனிச் சட்டமே உண்டு. இரண்டாவது உலக யுத்தத்திற்குப் பின் அந்நாட்டு மலைப்பகுதிக் குடியானவர்கள் பெருந்தொகையாகத் தொழில் நகரங்களுக்குக் குடியேறிவிட, கல்லால் கட்டிய பண்ணை வீடுகளும் தொழுவங்களும் பூட்டிக் கிடந்தன. 1985-ஆம் வருஷத்தில் இயற்றப்பட்ட 730-ஆம் எண் சட்டத்தின்படி, விவசாயி தன் பண்ணையில் ஏற்கெனவே உள்ள கட்டடங்களில் விருந்தினரை ஏற்கலாம். ஆனால் விவசாயமே பிரதானமாக இருத்தல் வேண்டும். 2006-ஆம் வருஷத்து 96-ஆம் எண் சட்டம் அதன் இடத்திற்கு வந்தபோதும் இக்கொள்கை மாறவில்லை. பரிமாறும் உணவிலும் சொந்தப் பண்ணையிலும் சுற்றுப்புறத்திலும் விளைந்தவற்றிற்கே முதலிடம் தர வேண்டும் என்பதும் அங்கு விதியாகும். இவ்விதிகள் நம்மைக் கட்டுப்படுத்தா எனினும், அவற்றிலுள்ள விவேகம் நமக்கும் பொருந்தும். உழவு நின்றுபோன பண்ணை வெறும் சத்திரமாகிவிடும். சத்திரம் நடத்துவதில் பட்டணத்தார் நம்மைவிடக் கைதேர்ந்தவர்கள்.

மண் வீடு பலமற்றது என்ற எண்ணமும் பலரிடம் உள்ளது. குஜராத்தில் கச்சுப் பிரதேசத்து மக்கள் 'புங்கா' எனப்படும் வட்ட வடிவமான மண் வீடுகளில் வசிக்கின்றனர். 2001 ஜனவரி 26-ஆம் தேதி அங்கு நேர்ந்த பெரும் பூகம்பத்தில், செவ்வையாகக் கட்டிப் பராமரிக்கப்பட்ட புங்காக்கள் பல நிலைத்து நின்றன. அப்பகுதியிலுள்ள ஹோட்கா கிராமத்தார் அவ்வகை வீடுகளிலேயே வெளியூர் விருந்தினரைத் தங்கவைத்து, அந்நிலையத்தைக் கிராமக் குழுவின் மூலம் நடத்தியும் வருகின்றனர்.

ஆகவே பழைய சுவரைக் கெடுப்பது வயது என்று கொள்ளலாகாது. பெரும்பாலும் நீரே அதைக் கெடுக்கிறது. மண் சுவராயினும், செங்கல்லைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கிய சுவராயினும், தரையிலுள்ள ஈரத்தை உறிஞ்சி மெல்ல மேலே ஏற்றும். மேற்பூச்சு மண்ணாகவோ சுண்ணாம்புக் காரையாகவோ இருந்தால், அவ்வீரம் நுண்துளைகளின் வழியே வெளியேறிக் காற்றோடு போய்விடும். அதன்மேல் சிமெண்டைப் பூசினால் வழி அடைபடுகிறது. ஈரம் இன்னும் உயரே ஏறுகிறது. அதில் கரைந்துள்ள உப்பு, பூச்சுக்குப் பின்னால் பூத்துப் பொருக்கு விடுகிறது. சில மழைக்காலங்களில் பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து, உள்ளேயுள்ள மண்ணையும் இழுத்துக்கொண்டு விழுகிறது. "சுவர் பழையது, தாங்கவில்லை" என்று உடனே கூறிவிடுகிறோம். சிமெண்டு செய்த குற்றத்திற்குச் சுவர் பழி ஏற்கிறது! காற்றை அடைக்கும் பிளாஸ்டிக் வர்ணங்களும் இதே கேட்டை விளைவிப்பன. சுண்ணாம்பு அடிப்பதே பழைய சுவருக்கு ஏற்றது.

எனவே சிமெண்டுப் பூச்சு இருப்பின், சுவர் அடிபடாதவாறு அதை உரித்து எடுத்துவிட்டு, சுவரைச் சில வாரங்கள் உலரவிட வேண்டும். சுவரோரம் மேடிட்ட மண்ணை வெட்டி அகற்றி, நீர் விலகி ஓடும்படி வாட்டம் அமைக்க வேண்டும். அதன் பின்னரே காரை. சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ சூளையில் சுட்டு, நீர் விட்டு நீற்றி, தொட்டியில் ஊறவைக்க வேண்டும். ஊற ஊறக் குழைவு மிகும். ஒரு பங்கு சுண்ணாம்புக்கு மூன்று பங்கு மணல் என்பது பொதுவான அளவு. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரைச் சேர்ப்பது நம் கொத்தர்களின் பழைய வழக்கம். செட்டிநாட்டு மாளிகைகளில் முட்டை வெண்கருவும் சேர்த்துக் கண்ணாடிபோல் மெருகேற்றினார்கள். பண்ணை வீட்டுக்கு அத்தனை அலங்காரம் வேண்டுவதில்லை. காரை, காற்றிலுள்ள கரியமில வாயுவை ஏற்றுச் சிறிது சிறிதாக இறுகும் பொருளாதலால், அவசரக்காரருக்கு அது ஒத்துவராது. ஈரச் சாக்குப் போர்த்தி வெயிலினின்று காக்க வேண்டும். நீற்றும்போது சுண்ணாம்பு கொதித்துத் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வைக்கே அபாயம். குழந்தைகளை அருகில் விடலாகாது.

கூரையைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவோம். ஓடு பிரித்து மேய்வதைத் தை, மாசியில், சுவர் வேலைக்கு முன்னதாகவே முடித்துக்கொள்வது நலம். உடையாத நாட்டு ஓடுகளை மீண்டும் பயன்படுத்தலாம். இறவாரம் இரண்டடிக்குக் குறையாமல் நீண்டிருந்தால் சுவரில் சாரல் அடிக்காது. வைரம் பாய்ந்த பனங்கைகளை விறகுக்குத் தள்ளுவது பெரும் பிழை. பச்சைப் பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ஆம் வருஷத்து வேளாண்மை வரவு செலவுத் திட்டத்திலேயே அறிவிக்கப்பட்டது. குரங்குகள் ஓட்டைப் பிரித்துப் போடுகின்றன என்று குடியானவர்கள் முறையிடுவது உண்மைதான். ஆயினும் அதற்குப் பதிலாகத் தகரம் போட்டால், சித்திரை வெயிலில் அவ்வறையில் விருந்தினர் தங்கமாட்டார், வீட்டாரும் தங்கமாட்டார்.

மாட்டுத் தொழுவத்தைத் தங்கும் அறையாக மாற்றுகிறவர்கள் ஒன்றை அறிந்துகொள்ள வேண்டும். பல காலம் மாட்டுச் சிறுநீர் ஊறிய தரையில் வெடியுப்பு சேர்ந்திருக்கும். அதன்மேல் அப்படியே தளம் போட்டால் உப்பு மேலெழுந்து தளத்தையும் சுவரையும் அரிக்கும். ஓரடி ஆழத்திற்கு அம்மண்ணை வாரி வயலில் இட்டுவிட்டு, நல்ல மண்ணும் சரளையும் நிரப்பிய பின்பே தளம் போடுக. வயலுக்கும் அது உரம்.

புதிதாகக் கட்ட வேண்டியது பெரும்பாலும் கழிப்பிடம் ஒன்றுதான். அதன் சுவருக்குக் கேரளத்தில் பணியாற்றிய லாரி பேக்கர் (1917-2007) பரப்பிய 'எலிப்பொறி'க் கட்டுமுறையைக் கையாண்டால், செங்கல்லில் ஏறத்தாழக் கால் பங்கு மிச்சமாகும். இரட்டைக் குழி முறையில், ஒரு குழி நிரம்பியதும் மற்றதற்குத் திருப்பிவிட்டு, நிரம்பியதை ஓராண்டுக்கு மேல் மூடி வைத்தால் அது உலர்ந்த எருவாகிவிடும். குழிகள் கிணற்றுக்குக் குறைந்தது 10 மீட்டர் அப்பால், தாழ்ந்த பக்கத்தில் அமைதல் வேண்டும். மழைநீர்ச் சேமிப்பு 2003-ஆம் வருஷத்திலேயே நம் மாநிலத்தில் எல்லாக் கட்டடங்களுக்கும் கட்டாயமாக்கப்பட்டது. 100 சதுர மீட்டர் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் 1,000 லிட்டர் நீர் விழுகிறது. விருந்தினர் வந்தால் தண்ணீர்ச் செலவு கூடும் என்பதால், இக்கணக்கை மனத்தில் இருத்துவது நல்லது.

பஞ்சாயத்து அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய வீதியின்மேலேயே மீண்டும் மீண்டும் சிமெண்டுச் சாலை போடுவதால், வீதி உயர்ந்து திண்ணைகள் தாழ்ந்துவிட்டன. மழைநீர் வீட்டுக்குள் புகுந்து சுவரின் அடியில் தேங்குகிறது. தனி மனிதர் எத்தனை காரை பூசினாலும் இதற்குப் பரிகாரம் ஆகாது. பழைய தளத்தைப் பெயர்த்தெடுத்த பின்பே புதியது போட வேண்டும் என்று 2021-ஆம் வருஷத்தில் அரசின் தலைமைச் செயலரே அறிவுறுத்தினார். அடுத்த சாலை மதிப்பீட்டைத் தீர்மானத்துக்குக் கொண்டுவருமுன், திண்ணைக்கும் வீதிக்கும் உள்ள உயரத்தை அளந்து பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறோம்.

எல்லா ஊருக்கும் விருந்தினர் வந்துவிடுவர் என்று நாம் கூறவில்லை. தஞ்சை, தாராசுரம், கங்கைகொண்டசோழபுரம் கோயில்களுக்குச் செல்லும் வழியிலோ, குற்றாலச் சாரலை அடுத்தோ உள்ள ஊர்களுக்கு வாய்ப்பு அதிகம். ஒதுங்கிய ஊர்களுக்குக் குறைவு. முதல் வருஷம் ஓர் அறையையும் ஒரு கழிப்பிடத்தையும் மட்டும் சீர்செய்து பார்ப்பதே உசிதம். விருந்தினர் வராவிட்டாலும் குடும்பத்திற்கு நல்ல அறை ஒன்று மிஞ்சும்.

சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தர்கள் இன்று எங்கோ ஓரிருவரே உள்ளனர், அவர்களும் முதியவர்கள். ஒவ்வொரு பஞ்சாயத்தும் தன் எல்லைக்குள் இருப்பவர்களின் பெயரை எழுதிவைத்து, பஞ்சாயத்துக்குச் சொந்தமான பழைய கட்டடம் ஒன்றைப் பழுதுபார்க்கும் வேலையை அவரிடம் ஒப்படைத்து, உள்ளூர் இளைஞர் இருவரை அவர் கீழ்ச் சிற்றாள்களாக அமர்த்தலாம். இவ்வருஷத்து மராமத்துப் பணிகளைத் திட்டமிடும்போதே இதையும் சேர்த்துக்கொள்ளலாம்.